பாதிச் சொல்

"சால்வையை இன்னும் கொஞ்சம் மேலை இழு, சுலோ. தாடை வரைக்கும் வரட்டும்."

சொன்னதோடு யோகம் நிற்கவில்லை. தானே குனிந்து, சோபாவில் சாய்ந்திருந்த தம்பி பெண்சாதியின் கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வையை இறுக்கினாள். கீழே வாசல் மணி அடித்துவிட்டது. பக்கத்துக் கட்டடத்துப் பிறேமா மாடிப்படி ஏறி வருவதற்குள் சுலோஜனாவைத் தொண்டைப் புற்றுநோய்க்காரியாக ஆக்கிவிட வேண்டும்.

"கதைக்கப்படாது. தலையை மட்டும் ஆட்டு. விளங்குதோ?"

சுலோஜனா தலையை ஆட்டினாள்.

உண்மையில் அவளுடைய தொண்டையில் ஒரு குறையும் இல்லை. நோய் இருந்தது கர்ப்பப்பை வாயில். தமிழில் அந்த இடத்தை வாய் என்கிறோம், ஜேர்மன்காரர் கழுத்து என்கிறார்கள். இந்த வீட்டுக்காரர் அவளுடைய வாயையும் கழுத்தையும் சேர்த்தே கட்டிப்போட்டிருந்தார்கள்.

அது தொடங்கியது ஒரு பிழையில். போன மாரிகாலத்தில் ஆஸ்பத்திரியில் வைத்து டாக்டர் ஒரு நீண்ட சொல்லைச் சொன்னார். 'கெபேர்முட்டர்ஹால்ஸ்க்றெப்ஸ்.' சுலோஜனாவின் கணவன் அரியரத்தினம் ஜேர்மனியில் பீலெஃபெல்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். பாண் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மாவு, அடுப்பு, சம்பளம், லீவு, எல்லாவற்றுக்கும் அவரிடம் டொச், ஜேர்மன் மொழிச் சொல், இருந்தது. பெண்டாட்டியின் கர்ப்பப்பைக்கு மட்டும் இல்லை. கெபேர்முட்டர், கர்ப்பப்பை என்கிற முன்பாதி நழுவிப்போய், அந்த நீண்ட சொல்லின் வால்தான் அவருக்குப் பிடிபட்டது. ஹால்ஸ் என்றால் கழுத்து. க்றெப்ஸ் என்றால் புற்றுநோய். டிராம் தரிப்பிடத்தில் நின்று அக்காவுக்குப் போன் எடுத்து, "அவளுக்குக் கழுத்திலை கான்சராம் அக்கா" என்று குழறி அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. அன்று பொழுதுபடுவதற்குள் ஊரிலுள்ள தமிழ்ச் சனத்தில் பாதிப்பேருக்குச் செய்தி போய்விட்டது.

அடுத்த முறை டாக்டர் படம் கீறிக் காட்டியபோதுதான் மனிதருக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து யோகத்திடம் சொன்னார். யோகம் கையிலிருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

"கழுத்தெண்டே இருக்கட்டும்," என்றாள் கடைசியில். "உந்த இடத்திலை கான்சரெண்டா சனம் சும்மா விடுமோ? எப்பிடி வந்தது, ஆராலை வந்தது எண்டு துருவும். எங்கடை குடும்பத்திலை ஒருத்திக்கும் உப்பிடி வந்ததில்லை."

இது எத்தனையோ பேருக்குத் தொற்றுகிற ஒரு கிருமியால் வருவது, கட்டின புருஷனோடு மட்டும் வாழ்ந்தவளுக்கும் வரும், இதில் யார் குற்றம் என்று தேடுவதே வீண் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். டாக்டர் சொல் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் செல்லும். அதற்கு வெளியே பெண்ணுடம்பில் ஒரு நோய் வந்தால் விசாரணை இல்லாமலே தீர்ப்பு உண்டு. கழுத்தில் வந்தால் பாவம், ஐயோ. வயிற்றுக்குக் கீழே வந்தால் அவள் என்ன செய்தாளோ.

அம்பாளிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. யோகம் நேர்த்தி வைத்து வெள்ளியில் உருவம் வாங்கப் போனாள். கழுத்து உருவம் கடையில் இல்லாததால் ஒரு தலையை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள்.

பிறேமா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். கையில் தேன் போத்தலும் கற்கண்டும்.

"அக்கா, சுடுதண்ணியிலை விட்டுக் குடியுங்கோ. தொண்டைக்கு இதம். கதைக்காதேங்கோ, கதைக்காதேங்கோ, எனக்குத் தெரியும்."

சுலோஜனா தலையை ஆட்டினாள். இப்படி வந்து சேர்ந்த தேன் போத்தல்கள் குசினித் தட்டில் வரிசையாக நின்றன.

"வியாழக்கிழமை பள்ளிக்கூடத்திலை கூட்டமெல்லோ, யோகமக்கா?" பிறேமா கதிரையை இழுத்துப் போட்டாள். "பிள்ளையளுக்கு ஏதோ ஊசியாம். அரியம் அண்ணை எல்லாத் தாய் தேப்பனையும் வரச்சொல்லியிருக்கிறார். நாங்கள் போவம், ஆனா ஊசி போடுறேல்லை எண்டு கதைச்சு வைச்சிருக்கிறம். போட்டா பேந்து பிள்ளை பிறக்காதாமெல்லே."

சுலோஜனாவின் வாய் திறந்தது. யோகம் ஒரு செருமல் செருமினாள். வாய் மூடிக்கொண்டது.

அந்தக் கூட்டத்தின் கதை இது. சுலோஜனாவின் மகள் லக்சிகா படிக்கிற பள்ளிக்கூடத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் வீட்டுமொழி டொச் அல்ல. போன வசந்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான தடுப்பூசியோடு சுகாதாரத் திணைக்களத்து வண்டி பள்ளி முற்றத்துக்கு வந்தபோது, தமிழ்ப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர்தான் கையை நீட்டினார்கள். கடிதத்துக்கு அசையாத தாய் தகப்பன் தங்கள் ஆள் கூப்பிட்டால் வருவார்கள் என்று தலைமையாசிரியை நினைத்தார். நல்ல நினைப்புத்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைவரைத் தேடிப் போய்க் கைகொடுத்தார். அந்தத் தலைவர் அரியரத்தினம். "சமூகத்துக்காக எதுவும் செய்வோம்" என்று அவர் அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டார்.

சமூகத்தின் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொண்டார். சொந்தப் பிள்ளைக்கு அல்ல.

பதினொரு வயது லக்சிகாவின் சம்மதப் படிவம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. தாய் கையெழுத்து இருந்தது. தகப்பனுடைய இடம் வெறுமையாக இருந்தது. இரண்டு பேருடையதும் வேண்டும் என்று பள்ளி எழுதியிருந்தது.

பிறேமா வீட்டுக்கும் யோகம் கடைக்கும் போனபின், வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த கணவனின் வழியில் சுலோஜனா போய் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"இஞ்சாருங்கோ, உந்தக் கையெழுத்தை வைச்சிட்டுப் போங்கோவன்."

"எத்தினை தரம் சொல்லுறது? ஏலாது."

"ஊர்ப் பிள்ளையளுக்குப் போடச்சொல்லிக் கூட்டம் வைக்கிறியள். எங்கடை பிள்ளை என்ன பாவம் செய்தது?"

"அவையின்ரை வீட்டிலை ஆரும் வருத்தமாய்க் கிடக்கேல்லை." அரியரத்தினம் சப்பாத்தின் நாடாவைக் கட்டியபடி நிமிராமலே பேசினார். "எங்கடை பிள்ளைக்கு முதல் ஆளாய் உந்த ஊசி போட்டா, தாய்க்கு என்ன வருத்தமெண்டு சனம் கணக்குப் போட்டுடும். அவள் இன்னும் பெரியபிள்ளை ஆகேல்லை. அக்கா இப்பவே சாமத்திய வீட்டுக்கு மண்டபம் பாக்கிறா. நாளைக்கு ஆரும் ஒரு சொல்லுச் சொன்னா அந்தப் பிள்ளையை எங்கை கொண்டுபோய்க் கட்டிக்குடுக்கிறது? நீர் போனாப் பிறகு எல்லாத்துக்கும் முகங்குடுக்க வேண்டியது நான்தானே."

நீர் போனாப் பிறகு. அதை அவர் கோபத்தில் சொல்லவில்லை. மழை வந்தால் குடை வேண்டும் என்கிற குரலில் சொன்னார். சுலோஜனாவுக்கு வயிற்றுக்குள் இருந்த நோவைவிட அது நொந்தது.

ஆனால் அந்தப் பேச்சில் உண்மை இருந்தது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஊசி இரண்டு முறை போட வேண்டும். இப்போது ஒன்று, பங்குனியில் ஒன்று. பங்குனி வரைக்கும் அவளுக்கு எந்த டாக்டரும் வாக்குக் கொடுக்கவில்லை. அவள் போனபின் லக்சிகா யோகத்தின் கைக்குள் வருவாள். பிள்ளை பெற்ற பிறகு டாக்டரிடம் போய் உடுப்பைக் கழற்றிக் காட்டுவது என்ன பழக்கம் என்று சுலோஜனாவை ஒரு பரிசோதனைக்கும் போகவிடாமல் வைத்த அதே கை. தீட்டு நேரத்தில் இல்லாமல் இரத்தம் பட்டபோது, "உடம்புச் சூடு, வெந்தயம் ஊறப்போட்டுக் குடி" என்ற அதே வாய். சுலோஜனா குடித்தாள். ஒரு வருடம் முழுக்க வெந்தயம் குடித்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"கூட்டத்துக்கு நானும் வாறன்," என்றாள்.

அரியரத்தினம் நிமிர்ந்து பார்த்தார்.

"கதைக்கமாட்டன். சும்மா இருக்கிறன்."

அவர் யோகத்திடம் கேட்டார். யோகத்துக்கு அது பிடித்துப்போனது. இவ்வளவு வருத்தத்திலும் தலைவரின் மனைவி ஊர்ப் பிள்ளைகளுக்காக வந்தாள் என்று நாலு பேர் சொல்வார்கள். நல்ல சால்வையாகப் பார்த்துத் தானே எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தக் கோடு கூடவே வந்துவிடுகிறது. பின்வரிசையில் லக்சிகாவும் வேறு சில பிள்ளைகளும் இருந்தார்கள். முன்னால் தலைமையாசிரியை, சுகாதாரத் திணைக்களத்துப் பெண் டாக்டர், அவர்களுக்கு நடுவில் கோட்டுப் போட்ட அரியரத்தினம். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர் கமராவோடு வந்திருந்தார்.

டாக்டர் பேசப் பேச ரஞ்சினி தமிழில் சொன்னாள். இங்கேயே பிறந்து வளர்ந்து, பெற்றோருக்கும் பள்ளிக்கும் நடுவில் மொழிபெயர்க்க நியமிக்கப்பட்ட பெண். ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம், சின்ன வயதில் போட்டால்தான் முழுப் பலன், பிள்ளைப்பேற்றுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இந்தக் கிருமியாலை முக்கியமா வாறது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். டொச்சிலை கெபேர்முட்டர்ஹால்ஸ்க்றெப்ஸ்."

பிறேமா கையைத் தூக்கினாள். ஒரு வஞ்சகமும் இல்லாத கேள்வி.

"பிள்ளை, ஹால்ஸ் எண்டு சொன்னீர். அப்ப எங்கடை சுலோ அக்காவுக்கு வந்ததும் இதுதானோ?"

மண்டபம் திரும்பி சுலோஜனாவைப் பார்த்தது. ரஞ்சினி பதில் தேடுமுன் அரியரத்தினம் எழும்பிவிட்டார்.

"அது வேறை, இது வேறை! பிழையாய் விளங்காதேங்கோ. அவவுக்குத் தொண்டையிலை. அதுக்கும் இந்த ஊசிக்கும் ஒரு சம்பந்தமுமில்லை."

"அப்ப இது எங்கடை ஆக்களுக்கு வாறேல்லைத்தானே?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "உது இஞ்சத்தைய ஆக்களுக்கு வாற வருத்தம். அவையின்ரை பழக்கவழக்கம் அப்பிடி. எங்கடை பிள்ளையளுக்கு என்னத்துக்கு?"

அரியரத்தினம் மறுக்கவில்லை. தண்ணீர்க் கிளாசை எடுத்துக் குடித்தார். ரஞ்சினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், யாரும் கேட்கவில்லை. அவர்கள் வேண்டி வந்த பதில் கிடைத்துவிட்டது. பெண்கள் படிவங்களை மடித்துக் கைப்பைக்குள் வைக்கத் தொடங்கினார்கள். கடதாசி மடிக்கிற அந்தச் சத்தம் சுலோஜனாவின் காதில் விழுந்தது. தன்னை மறைக்கச் சொன்ன பொய் இப்போது மண்டபத்திலிருக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் குறுக்கே வந்து நிற்கிறது என்று அவளுக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. பின்வரிசையில் லக்சிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன் கதிரையைப் பிடித்து எழும்பினாள். யோகம் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சுலோஜனா அந்தக் கையைத் தட்டிவிட்டு, கழுத்துச் சால்வையை அவிழ்த்து யோகத்தின் மடியில் போட்டாள்.

"ஒருக்கா நில்லுங்கோ."

மடித்த கைகள் நின்றன. தொண்டைப் புற்றுநோய்க்காரியின் குரல் மணிபோல ஒலித்தது. சங்கீத வகுப்பில் முன்பு அவள் பிள்ளைகளுக்குத் தேவாரம் பாடிக்கொடுத்த அதே குரல்.

"என்ரை கழுத்தை வடிவாப் பாருங்கோ. இஞ்சை ஒண்டுமில்லை. கட்டியுமில்லை, காயமுமில்லை. எனக்குக் கான்சர் கர்ப்பப்பை வாயிலை. இப்ப டொக்டர் சொன்ன அதேதான். கெபேர்முட்டர்ஹால்ஸ். நாங்கள் முன்பாதியை வெட்டிப்போட்டு ஹால்ஸை மட்டும் உங்களுக்குச் சொன்னனாங்கள். பிறேமா, நீ பாவம், தேன் தேனாக் கொண்டுவந்தனீ."

யாரோ ஒருத்தி "முருகா" என்றாள்.

"எனக்கு ஒரு மனுசன்தான். அந்தா, முன்னுக்கு இருக்கிறார். ஆரையும் குற்றம் சொல்ல நான் எழும்பேல்லை. இது ஆற்றை பிழையுமில்லையெண்டு டொக்டர் சொன்னவர். ஆனா இதை மறைச்சது எங்கடை பிழை. எங்கடை ஆக்களுக்கு வராதெண்டு இப்ப ஆரோ சொன்னீங்கள். நான் எங்கடை ஆள். எனக்கு வந்திருக்கு. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை இந்த ஊசி இல்லை. உங்கடை பிள்ளையளுக்கு இருக்கு. அதை மடிச்சுப் பையுக்கை வைக்காதேங்கோ."

மூச்சு வாங்கியது. ஒரு கையால் கதிரையை இன்னும் இறுக்கிப் பிடித்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து எடுத்து வந்த படிவத்தை மறு கையால் தூக்கிக் காட்டினாள்.

"என்ரை பிள்ளைக்கு நான் கையெழுத்து வைச்சிட்டன். தேப்பன்ரை இடம்தான் சும்மா கிடக்கு. உங்கள் எல்லாருக்கும் முன்னாலை கேக்கிறன். வையுங்கோ, இஞ்சாருங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

தலைமையாசிரியைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்ன நடக்கிறது என்று அரியரத்தினத்தைக் கேட்டார். மனைவிக்கு மருந்தின் மயக்கம், ஏதோ உளறுகிறாள் என்று அவர் டொச்சில் சொன்னார். ரஞ்சினி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு, "அவ சொன்னதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம், அண்ணை" என்று தமிழில் சொல்லிவிட்டு, சுலோஜனா பேசிய ஒவ்வொரு வரியையும் டொச்சில் சொன்னாள். அந்த நீண்ட சொல்லை முழுதாகவே சொன்னாள்.

தலைமையாசிரியை இறங்கி வந்து சுலோஜனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு அவளிடமிருந்து படிவத்தை வாங்கி முன்மேசையில் கொண்டுபோய் வைத்து, பேனாவைத் திறந்து அரியரத்தினத்திடம் நீட்டினார். கமராக்காரர் கமராவைத் தூக்கினார்.

பேனாவை வாங்கிக் கையெழுத்து வைக்கிறதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வழி இருக்கவில்லை. சாகப்போகிற பெண்டாட்டிக்கு இரங்காத கை ஒரு கமராவுக்கு இரங்கியது. சுலோஜனாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் அவர் கையெழுத்து வைத்து முடியும் வரைக்கும் உட்காராமல் நின்றாள்.

அடுத்த கிழமை பத்திரிகையில் படம் வந்தது. கோட்டும் பேனாவுமாக அரியரத்தினம். தமிழர் தலைவர் தானே முன்மாதிரியாக நின்று சமூகத்தை மாற்றினார் என்று கீழே எழுதியிருந்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் அதை வெட்டி வைத்துக்கொண்டார். பெண்டாட்டியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

யோகம் சுலோஜனாவின் கோப்பையை வேறாக்கினாள். தொண்டைப் புற்றுநோய்க்குப் பொதுக் கோப்பை இருந்தது. இதற்கு இல்லையாம். தேன் வருவதும் நின்றது. பிறகு மனிதர் வருவதும் நின்றது. கழுத்து நோய்க்காரியைப் பார்க்க முறை வைத்து வந்தவர்கள், கர்ப்பப்பை நோய்க்காரியின் படி ஏறவில்லை. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் மணி அடிக்காத அந்தப் பகல்களில் சுலோஜனா சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள்.

ஊசி போட்ட அன்று லக்சிகா மேற்கையில் சின்னப் பிளாஸ்ரரோடு வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"நொந்ததோ பிள்ளை?"

"இல்லை அம்மா. பெரிய லைன். எங்கடை ஆக்கள் எல்லாரும் நிண்டவை. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெட்டையள், பெடியள் எல்லாரும்." லக்சிகா கொஞ்சம் தயங்கினாள். "அம்மா, எனக்கு முதலே தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலை உங்கடை வார்டுக் கதவிலை பெண்கள் பிரிவு எண்டு எழுதியிருந்தது. தொண்டைக்கு ஏன் அங்கை வைக்கப்போகினம்? நான் கேக்க நீங்கள் தொண்டையெண்டு தலையை ஆட்டினியள். அதாலை நான் பேசாமல் இருந்திட்டன்."

சுலோஜனா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையிடமும் தலையை ஆட்டித்தான் பொய் சொல்லியிருக்கிறாள்.

அப்போது கதவில் மெல்லத் தட்டும் சத்தம். மணி அடிக்காமல், உடுப்புத் தோய்க்கிற நிலவறைப் பக்கத்துப் படியால் ஏறி, இடுப்பில் உடுப்புக் கூடையோடு பிறேமா நின்றாள். உள்ளே வந்தும் கதிரையில் இருக்கவில்லை.

"என்ரை இரண்டு பேருக்கும் போட்டாச்சு, அக்கா," என்றாள் இரகசியக் குரலில். "நானும் ரெர்மின் எடுத்து, நாள் குறிச்சுப் போய் டொக்டரிட்டைக் காட்டினனான். எனக்கு ஒண்டுமில்லையாம். உங்களுக்குச் சொல்லவேணும் போலை இருந்தது."

அவளுடைய கண் நிறைந்திருந்தது. சுலோஜனா அவளுடைய கையைப் பிடித்தாள்.

"பிறேமா, எனக்கு ஒரு உதவி செய்வியோ? பங்குனியிலை இரண்டாவது ஊசி. நான் இல்லாட்டி இவளையும் நீதான் கூட்டிக்கொண்டு போகவேணும். மச்சாள் மறிப்பா. தேப்பனும் மாறுவார். நீ விடப்படாது."

பிறேமா லக்சிகாவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"ஓம் அக்கா," என்றாள். "கூட்டிக்கொண்டு போறன். சத்தியமாக் கூட்டிக்கொண்டு போறன். ஆனா நான் இஞ்சை வந்தனான், இப்பிடி ஒத்துக்கொண்டனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

கனநாளைக்குப் பிறகு சுலோஜனாவுக்குச் சிரிப்பு வந்தது. பிடித்த கையை அவள் விடவில்லை.

"சொல்லுவன், பிறேமா. எல்லாருக்கும் சொல்லுவன். எனக்குத்தான் தொண்டையிலை ஒரு வருத்தமும் இல்லையே."